ஒரே பொய்க்கு மூன்று விசாரணை

மண்டைக்காட்டில் மாசிக் கொடை முடிந்து கூட்டம் வடிந்த பிறகுதான் கோயில் பக்கத்துச் சாயாக் கடைகளில் நிதானமாக உட்கார்ந்து பேச இடம் கிடைக்கும். எங்கள் தெருப் பெண் ஒருத்தி திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், லண்டனில் பாரிஸ்டராக இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச்செடுத்தாள். சிவில் மோசடி வழக்கு, குற்ற வழக்கில் எதிரித் தரப்பு, அப்புறம் ஒழுங்குமுறைச் சட்டம். இந்த மூன்றும்தான் அவர் தொழிலாம்.

"மாமா, நம்ம இரணியல் கோர்ட்டுல சிவில் வக்கீல் வேற, கிரிமினல் வக்கீல் வேறல்லா? ஒரு ஆளு மூணையும் எப்படிப் பாப்பாரு?"

"மூணு வேலையா நெனைக்காத மக்களே. ஒருத்தன் பைசா விஷயத்துல ஒரு பொய் சொன்னான்னு வையி. அந்தப் பொய்ய மூணு எடத்துல வச்சு விசாரிப்பாங்க. ஒவ்வொரு எடத்துலயும் கேள்வி வேற. அந்த மூணு எடத்துக்கும் போற ஆளு அவரு."

கடைக்கார அண்ணாச்சி இரண்டு சாயாவும் ஒரு தட்டு ரசவடையும் கொண்டு வைத்தார். அவளிடம் சொன்னதை, பேச்சில் விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

மோசடி என்றால் என்ன என்று குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 செப்டம்பரில் கேரள எல்லையை ஒட்டிய மத்தம்பாலையில் நிர்மல் கிருஷ்ணா என்ற நிதி நிறுவனம் கதவைச் சாத்தியது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆயிரக்கணக்கான பேர் பணம் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குச் சேர்த்தது, வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பியது, நிலம் விற்றது. விஷயம் நாகர்கோவில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ் வரை போனது. அந்த வழக்கில் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இப்படி ஒரு கம்பெனி மூடும்போது சட்டத்தில் என்னென்ன அசைகிறது என்பதை மட்டும் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, பெயரில்லாத ஒரு நிதி நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஷட்டர் இறங்கியதும் ஜனம் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அதில் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. சிவில் வழக்கு என்றால் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அது வழக்குத் தொகையில் ஏழரை சதவீதமாக இருந்து, 2017இல்தான் மூன்று சதவீதமாகக் குறைந்தது. பத்து லட்சத்தைத் தொலைத்தவர் இன்றைக்கும் முப்பதாயிரம் கட்டினால்தான் பிராது நம்பராகும். பறிகொடுத்தவனிடம் போய் இன்னும் முப்பதாயிரம் எடு என்றால் யார் எடுப்பார்?

போலீஸும் குற்றவியல் நீதிமன்றமும் கேட்கும் கேள்வி, பணம் வாங்கிய அன்றைக்கே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பது. எல்லோருக்கும் பாடமாகிவிட்ட அந்த 420ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆம் பிரிவின் நாலாவது உட்பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. எண்தான் மாறியது, கேள்வி மாறவில்லை. தொழில் நொடித்துப் பணம் திருப்பிக் கொடுக்க முடியாமல் போவது மட்டும் ஏமாற்று ஆகாது, ஆரம்பத்திலேயே வஞ்சக நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஹிருதய ரஞ்சன் வழக்குத் தீர்ப்பை எதிரித் தரப்பு வக்கீல்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எதிரித் தரப்பின் வேலை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நடக்கிறது: என் கட்சிக்காரன் திருடனில்லை, தோற்றுப்போன வியாபாரி.

1990களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் மழைக்கால ஈசல் மாதிரி கிளம்பி ஈசல் மாதிரியே விழுந்தபோது இந்த வாதம் நிறையப் பேரைக் காப்பாற்றியது. அதனால்தான் 1997இல் மாநில அரசு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கோர்ட் வட்டாரத்தில் அதை டான்பிட் என்பார்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. முதிர்வு தேதியில் வைப்புத்தொகையைத் திருப்பித் தராமல் விடுவதே அங்கே குற்றம். ஆரம்பத்தில் மனசில் என்ன இருந்தது என்று தோண்ட வேண்டிய பாரம் பெருமளவு குறைகிறது. பத்து வருஷம் வரை தண்டனை. அரசாங்கம் சொத்தை முடக்கலாம். கம்பெனிக்காரன் கடைசி நேரத்தில் மச்சான் பெயருக்கும் மாமியார் பெயருக்கும் எழுதிவைத்த சொத்தையும் தொடலாம். தென்மாவட்டங்களுக்கு மதுரையில் தனி நீதிமன்றம் இருக்கிறது. இப்படி ஒரு சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரமே கிடையாது என்று வாதம் நடந்து, 2011இல் கே. கே. பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொன்ன பிறகே சத்தம் அடங்கியது.

"அப்பம் அதுவே போதாதா மாமா? ஆளையும் புடிச்சாச்சு, சொத்தையும் முடக்கியாச்சு."

போதாது என்பது என் கட்சி. கைது நடந்த அன்று ஊரில் ஒரு திருப்தி பரவும். ஆனால் கைது என்பது ஒரு ஆள் எங்கே இருக்கிறான் என்பதற்குப் பதில். பணம் எங்கே இருக்கிறது என்பதற்கு அது பதிலாகாது. முடக்கிய சொத்தை விற்று எல்லோருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். அதற்குள் அந்தச் சொத்தின்மேல் வங்கி அடமானம் ஒன்று முளைக்கும், பங்காளி ஒருத்தன் பாகம் கேட்டு வருவான், இன்னொரு விசாரணை அமைப்பு அதே சொத்தைத் தன் சட்டத்தில் முடக்கி வைத்திருக்கும். பணம் போட்ட கிழவி அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவாள், அவள் வாரிசுகள் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் நிற்பார்கள்.

சிவில் நீதிமன்றத்தின் கேள்வி வேறு. நீ சொன்னது பொய்யா, அதை நம்பி இவர் பணம் கொடுத்தாரா, அந்தப் பணம் இப்போது எந்த உருவத்தில் இருக்கிறது? நிரூபிக்க வேண்டிய அளவும் வேறு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகம் ஒன்று மிஞ்சினாலே எதிரி விடுதலை. சிவிலில் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்து, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகமோ அதன் பக்கம் தீர்ப்பு. அதனால் ஒரே ஆள் ஒரே விவகாரத்தில் கிரிமினலில் விடுதலையாகி, சிவிலில் தோற்கலாம். ஜனங்கள் இதைக் கேட்டால் கோர்ட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். ஒருவனைச் சிறைக்கு அனுப்புவதற்கும் அவனிடமிருந்து கடனை வசூலிப்பதற்கும் ஒரே அளவு சாட்சியம் கேட்பதுதான் எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. 2005இல் இக்பால் சிங் மர்வா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இரண்டு வழியும் வெவ்வேறு, ஒன்றின் முடிவு மற்றதைக் கட்டாது என்றுதான் சொன்னது.

சிவில் மோசடியில் வாயில் வந்ததை எழுத முடியாது. மோசடி என்று பிராதில் எழுதினால் யார், எப்போது, என்ன சொன்னார், எப்படிப் பொய் என்று விவரம் கொடுக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் அப்படித்தான் கேட்கிறது. இங்கிலாந்தில் 1889இல் டெர்ரி எதிர் பீக் என்று ஒரு வழக்கு. ஒரு டிராம் கம்பெனி, நீராவியால் வண்டி ஓட்ட உரிமை இருக்கிறது என்று விளம்பரம் போட்டுப் பங்கு விற்றது. அதற்கு அரசு வாரியத்தின் சம்மதமும் வேண்டியிருந்தது, அது கிடைக்கவில்லை. கம்பெனி நொடித்தது. இயக்குநர்கள் தாங்கள் சொன்னதை உண்மை என்று நம்பித்தான் சொன்னார்கள், எனவே மோசடி இல்லை என்றது பிரபுக்கள் சபை. பொய் என்று தெரிந்து சொல்ல வேண்டும், அல்லது மெய்யோ பொய்யோ எனக்கென்ன என்று சொல்லியிருக்க வேண்டும். அசட்டுத்தனம் மோசடி ஆகாது. நம் ஊர்க் கம்பெனி முதலாளிகளும் கூண்டில் ஏறியதும் திடீரென்று அசடாகிவிடுவது இதனால்தான்.

நம் பக்கத்து வழக்கு ஒன்றையும் அவளுக்குச் சொன்னேன். செங்கல்வராய நாயுடு எதிர் ஜெகந்நாத், 1993 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஜெகந்நாத் ஒரு சௌகாரிடம் குமாஸ்தா. சௌகாருக்காகக் கோர்ட் ஏலத்தில் ஒரு சொத்தைத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்தார். பிறகு தனக்கு அதில் உரிமையில்லை என்று சௌகாருக்கு விடுதலைப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் அந்தப் பத்திரத்தை மூச்சுவிடாமல் மறைத்துவிட்டு, எனக்கும் பங்குண்டு என்று பாகப்பிரிவினை வழக்குப் போட்டு முதல்நிலைத் தீர்ப்பும் வாங்கிவிட்டார். கோர்ட்டிடம் உண்மையை மறைத்து வாங்கிய தீர்ப்பு தீர்ப்பே இல்லை, எந்தக் கோர்ட்டிலும் எப்போது வேண்டுமானாலும் அதைச் செல்லாது என்று காட்டலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதில் யார் கையிலும் விலங்கு விழவில்லை. ஆனால் மறைத்தவருக்கு ஒரு சென்ட் நிலமும் மிஞ்சவில்லை.

சிவில் மோசடி வக்கீலுக்கு வேகம்தான் முக்கியம். எதிரிக்கு நோட்டீஸ் போய்ச் சேருவதற்குள் பணம் பறந்துவிடும். 1975இல் லண்டனில் மரீவா என்ற கப்பலின் உரிமையாளர்களுக்கு வாடகை பாக்கி. வாடகைக்கு எடுத்தவர்களின் பணம் லண்டன் வங்கி ஒன்றில் கிடந்தது. அது என்ன பணம் தெரியுமா? இந்தியாவுக்கு உரம் ஏற்றி அனுப்பியதற்காக நம் அரசாங்கம் கட்டிய சரக்குக் கூலி. வழக்கு முடியும்வரை அந்தப் பணத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று லார்டு டென்னிங் தடை போட்டார். அதிலிருந்து சொத்து முடக்கத் தடைக்கே அந்தக் கப்பல் பெயர் ஒட்டிக்கொண்டது. லண்டன் சிவில் மோசடி பாரிஸ்டர்களுக்கு இது அன்றாட ஆயுதம், உலகம் முழுக்க உள்ள கணக்குகளை ஒரே உத்தரவில் நிறுத்தி வைப்பார்கள். நம்மிடம் தீர்ப்புக்கு முந்திய ஜப்தி இருக்கிறது. ஆனால் நீதிமன்றங்கள் அதைக் கொடுக்க யோசிக்கும். எதிரி சொத்தை ஒளிக்கப் பார்க்கிறான் என்று முதலில் காட்டு, இது கடுமையான அதிகாரம் என்று 2008இல் உச்ச நீதிமன்றமே எச்சரித்தது. பெரிய கம்பெனி வழக்கில் அந்த எச்சரிக்கை சரி. ஊரையே துடைத்துப் போட்ட சீட்டுக் கம்பெனிக்கு அவ்வளவு கருணை எதற்கு என்பது என் பழைய புலம்பல்.

இனி ஒழுங்குமுறை. இதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் தொய்ந்தது. கல்லூரியில் யாரும் ஆசையாகப் படிக்கிற பாடம் இல்லை இது. எனக்கு இதுதான் மூன்றிலும் சுவாரசியமானது.

ஒழுங்குமுறை அதிகாரி உன் மனசைக் கேட்கமாட்டார். யாருக்காவது நஷ்டம் வந்ததா என்றுகூடக் கேட்கமாட்டார். லைசென்ஸ் இருந்ததா, கணக்கு தாக்கல் செய்தாயா, ஜாமீன் தொகை கட்டினாயா, அவ்வளவுதான். அதாவது பொய் சொல்வதற்கு முன்பே பிடிக்க வேண்டிய இடம் அது. சீட்டுக்கு 1982ஆம் வருஷத்து மத்திய சட்டம் இருக்கிறது. சீட்டு தொடங்கும் முன் அனுமதி, ஒப்பந்தப் பதிவு, ஜாமீன், அதன்பிறகு தொடக்கச் சான்றிதழ். தமிழ்நாட்டில் இதைப் பதிவுத்துறை பார்க்கிறது. நடத்துகிறவர் எடுக்கும் கமிஷன் ஐந்து சதவீதமாக இருந்து 2019இல் ஏழானது. சீட்டுத் தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குக்கூடப் போக முடியாது, பதிவாளரிடம்தான் நடுவர் தீர்ப்பு. இது தெரியாமல் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டு, வாய்தா வாய்தாவாக அலைந்த பிறகு இடம் மாறி வந்துவிட்டீர்கள் என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு.

வங்கிகளுக்கு இந்தக் கடிவாளம் எப்படி வந்தது என்பது நாஞ்சில் நாட்டோடு ஒட்டிய கதை. நாம் அன்று திருவிதாங்கூர். 1937இல் இரண்டு வங்கிகள் சேர்ந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி உருவானது. அடுத்த ஆண்டு ஜூனிலேயே பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கே. சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி. பி. மாத்தனும் அதை நடத்தியவர்கள். மாம்மன் மாப்பிள்ளை மலையாள மனோரமாவின் ஆசிரியரும்கூட. திவான் சர் சி. பி. ராமசாமி ஐயருக்கு அவர்மீதிருந்த அரசியல் பகைதான் வங்கியைச் சாய்த்தது என்று ஒரு சாரார் இன்றைக்கும் சொல்வார்கள், வங்கியின் கணக்கே சரியில்லை என்பது மறுசாரார். வங்கியைக் கலைக்கும் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. கிரிமினல் வழக்கோ திருவனந்தபுரத்தில். அக்டோபரில் அவர்களைச் சென்னையில் கைது செய்து, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து சமஸ்தானத்துக்கு ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒப்படைக்கக் கூடாது என்று ஒரு சட்டப் போராட்டம் நடந்து தோற்றது. சிறைக்குப் போனார்கள். மனோரமாவும் அந்த ஆண்டு மூடப்பட்டது. மாம்மன் மாப்பிள்ளையின் மகன் ஒருவர் பிற்பாடு சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். டயர்.

பணம் போட்டவர்களைக் காக்க அப்போது ரிசர்வ் வங்கியிடம் வலுவான சட்டம் ஏதும் இல்லை. வங்கிக் கம்பெனிகள் சட்டம் வர 1949 ஆனது. அதன் பிறகும் 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அந்த அடியில்தான் வைப்புத்தொகைக் காப்பீடு பிறந்தது. 1962 ஜனவரியில் தொடங்கும்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 2020 பிப்ரவரியிலிருந்து ஐந்து லட்சம். ஒவ்வொரு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கும் அடியில் இப்படி யாரோ பணத்தைத் தொலைத்த கதை ஒன்று கிடக்கும். அந்தக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டும்தான். சீட்டுக்கோ, பதிவில்லாத நிதிக் கம்பெனிக்கோ அது ஒரு பைசா தராது. பதிவில்லாமல் பொதுமக்களிடம் வைப்பு வாங்குவதையே 2019இல் மத்திய சட்டம் ஒன்று முழுசாகத் தடை செய்தது.

பணத்துக்கு அப்பாலும் இந்தத் துறை விரிந்து கிடக்கிறது. பக்கத்து மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை கடல்மணலைப் பிரிக்கிறது. அந்த மணலில் இருக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு, எனவே சுரங்கச் சட்டம், கடற்கரை ஒழுங்குமுறை, அணுசக்திக் கட்டுப்பாடு மூன்றும் அதன்மேல் விழுகின்றன. குளச்சல் விசைப்படகுக்கு 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். லண்டனில் அந்தச் சொந்தக்காரர் பார்க்கும் ஒழுங்குமுறை வழக்கில் பாதி மருத்துவர்களும் நர்ஸுகளுமாக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். நம் மாவட்டத்திலிருந்து போன நர்ஸ் ஒருத்தி மீது அங்கே புகார் வந்தால், அவளுடைய பதிவு நிலைக்குமா என்பதை நர்ஸிங் கவுன்சிலின் குழு முடிவு செய்யும். போலீஸ் வழக்கு இல்லாவிட்டாலும் வேலை போகலாம், அங்கேயும் சிவில் அளவுச் சாட்சியமே போதும்.

"சரி மாமா, மூணும் வேற வேறன்னு வெளங்குச்சு. ஆனா ஒரே ஆளுக்கு எதுக்கு மூணும் தெரியணும்?"

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஒரு இடத்தில் சொன்ன பதில் அடுத்த இடத்தில் போய்க் கடிக்கும். குற்றம் சாட்டப்பட்டவனைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு. ஆனால் சிவில் வழக்கில் பதிலுரை தாக்கல் செய்யாமல் இருந்தால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். ஒழுங்குமுறை அதிகாரி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினால், பேசாமல் இருப்பதே ஒரு மீறல். ஆக எதிரியின் வாயை ஒரு இடம் பூட்டச் சொல்கிறது, மற்ற இரண்டும் திறக்கச் சொல்கின்றன. சிவில் வக்கீல் நல்ல எண்ணத்தோடு எழுதிக் கொடுத்த ஒரு வரி, 'அந்தத் தொகை வேறு திட்டத்துக்குத் திருப்பிவிடப்பட்டது', கிரிமினல் கோர்ட்டில் நம்பிக்கை மோசடிக்கு ஒப்புதலாக நிற்கும். மூன்று வக்கீல்கள் மூன்று அறையில் உட்கார்ந்து தனித்தனியாக எழுதினால் இந்த விபத்து நடந்தே தீரும்.

பணம் இழந்தவர் பக்கமும் இதே கதைதான். ஜாமீன் கொடுக்கும்போது இவ்வளவு லட்சம் கட்டு என்று நிபந்தனை போடச் சொல்லிக் கேட்பார்கள். ஜாமீன் மனு கடன் வசூலிக்கும் வழி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கண்டித்தது. கிரிமினல் கோர்ட்டை நம்பி மூன்று வருஷத்தைக் கடத்திவிட்டு அப்புறம் சிவிலுக்கு வந்தால் காலாவதி என்பார்கள். மோசடி தெரியவந்த நாளிலிருந்துதான் காலக்கெடு ஓடும் என்று ஒரு சலுகை உண்டு. ஆனால் போலீஸ் புகாரில் போட்ட தேதியே உனக்குத் தெரியவந்த நாளாக எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டும்.

எதிர் பெஞ்சில் இவ்வளவு நேரம் பேப்பர் படிப்பதுபோல இருந்த ஒருவர் இடையில் விழுந்தார். "வக்கீலே, ஊரக் கொள்ளையடிச்சவனுக்கு நீங்கள்லாம் எப்படி ஓய் ஆஜராகுதீரு?"

ஒவ்வொரு சாயாக் கடையிலும் வரும் கேள்வி. இங்கிலாந்தில் பாரிஸ்டருக்கு வண்டி ஸ்டாண்ட் விதி என்று ஒன்று: வரிசையில் முதலில் நிற்கும் டாக்சிக்காரர் சவாரியைத் தள்ள முடியாததுபோல, தன் துறையில் வரும் வழக்கை, ஆள் பிடிக்கவில்லை என்று தள்ளக் கூடாது. நம் பார் கவுன்சில் விதிகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. கோயம்புத்தூர் வழக்கறிஞர் சங்கம் சில போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் முகமது ரஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த மாதிரித் தீர்மானங்கள் எந்த ஊரில் போட்டாலும் சட்டவிரோதம், செல்லாது என்றது.

அவரிடம் நான் நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லவில்லை. ஒழுகினசேரிக்காரரான என். எஸ். கிருஷ்ணன் பெயரைச் சொன்னேன். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945இல் தியாகராஜ பாகவதருக்கும் அவருக்கும் ஆயுள் தண்டனை. ஜூரியே பெரும்பான்மையாகக் குற்றவாளி என்று சொன்னது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னையில் பாரிஸ்டர் வி. எல். எத்திராஜ் வாதாடி, 1947 ஏப்ரலில் விடுதலை. முதல் தீர்ப்பன்று ஊர் அவர்களைக் கொலைகாரர்கள் என்றுதான் பேசியது. நேசமணி ஐயாவையும் சொன்னேன். அரசியலுக்கு முன்னால் அவர் நாகர்கோவிலில் பெயர்பெற்ற கிரிமினல் வக்கீல். அங்கே வழக்கறிஞர் சங்கத்தில் சாதி பார்த்துச் சிலருக்கு நாற்காலியும் சிலருக்கு முக்காலியும் போட்டிருந்ததை உதைத்துத் தள்ளியவர் என்று இன்றும் கதை உண்டு. வாதாட ஆளில்லாதவனுக்கு ஆஜராவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, நிதி நிறுவன வழக்குகளில் கைதாகிறவர்கள் எல்லோரும் முதலாளிகள் இல்லை. வீடுவீடாகப் போய்ப் பணம் வாங்கிய ஏஜென்ட் அக்காக்கள் இருக்கிறார்கள். தன் தாலிச் சங்கிலியையும் அங்கேயே போட்டவர்கள். ஊருக்கு அவர்கள்தான் கம்பெனியின் முகம். எஃப்.ஐ.ஆரில் பெயர் ஏறும், கமிஷன் வாங்கியதற்கு வங்கிக் கணக்கும் சாட்சி சொல்லும். அந்த அக்கா ஏமாற்றினாளா, ஏமாந்தாளா? அதைப் பிரித்துக் காட்டுவதற்கு எதிரித் தரப்பு வக்கீல் ஒருவர் வேண்டும். பேப்பர்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதித்தார் என்றும் சொல்ல முடியாது.

அவளுடைய முதல் கேள்விக்கே ஒரு திருத்தம் சொன்னேன். லண்டனில் பாரிஸ்டர் வேறு, சொலிசிட்டர் வேறு. கட்சிக்காரரைப் பார்த்து ஆவணம் திரட்டுவது பெரும்பாலும் சொலிசிட்டர், கோர்ட்டில் நின்று வாதாடுவது பாரிஸ்டர். நான்கு பழைய சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து, ஒரு மூத்தவரிடம் பயிற்சி இருந்துதான் தொழிலுக்கு வர முடியும். காந்தி இன்னர் டெம்பிளில் சேர்ந்துதான் பாரிஸ்டர் ஆனார். நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டது. அதனால் இரணியலில் ஒரே வக்கீல் காலையில் ஜாமீன் மனு, மத்தியானம் தடையுத்தரவு, சாயங்காலம் மீன்வளத்துறை நோட்டீஸுக்குப் பதில் என்று ஓடுவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். லண்டன்காரர் தனித் திறமையாக வைத்திருக்கும் மூன்றையும் நம் மொபசல் வக்கீல் பெயர் வைக்காமலே செய்கிறார். குறை வேறு இடத்தில் இருக்கிறது. நாம் சட்டம் படிக்கிறோம், கணக்குப் புத்தகம் படிப்பதில்லை.

"அப்பம் நான் எதப் படிக்கணும்?"

"பேலன்ஸ் ஷீட்டு படி. பத்து கம்பெனி இருந்தா எது எதுக்குக் கடன் குடுத்துச்சு, அதே பைசா எந்தத் தேதியில சுத்தித் திரும்பி வந்துச்சுன்னு கோடு போட்டுப் பாரு. மோசடி அங்கதான் கெடக்கும். 318ஆம் பிரிவ எப்பம் வேணும்னாலும் புரட்டிப் பாத்துக்கலாம்."

கடைக்கார அண்ணாச்சி மேசை துடைக்க வந்தவர், கல்லாவுக்குப் போய் ஒரு சீட்டுப் பாஸ்புக்கோடு திரும்பினார். மாதாமாதம் கட்டுகிறாராம். எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். போர்டில் இருக்கும் கம்பெனிப் பெயரும் ரசீதில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள் என்றேன். பதிவான சீட்டுக் கம்பெனியின் வாசலில் நின்று, அதே முதலாளியின் பதிவில்லாத இன்னொரு பெயரில் ரசீது வாங்கி வருகிறவர்கள் அதிகம். அடுத்தது, சீட்டு ஒப்பந்தத்தின் நகல் உங்களுக்குத் தந்தார்களா, அதில் பதிவு எண் இருக்கிறதா. சட்டப்படி அந்த நகல் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவள் பாஸ்புக்கை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.